வலப்பக்கத்து லிவர்

செடிக்கு மருந்தடிக்கிற என் பேட்டரி டேங்க் உயிரை விட்டுவிட்டதால், பக்கத்துக் கொல்லை அக்காவிடம் கைடேங்க்கை இரவல் வாங்கினேன். முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் லிவரை ஏற்றி இறக்கி, மறு கையில் குழாயைப் பிடித்து அடிக்கும் பழைய ரகம். என் கத்தரிச் செடிகளில் வெள்ளை ஈ. அக்காவுக்கும் அவசரம்தான், அவருடைய மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்திருந்தது. நாளைச் சாயங்காலம் தனக்கு வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாட்டிய பிறகுதான் பார்த்தேன், லிவர் வலப்பக்கம் இருந்தது. எந்த ஊரில் வலப்பக்கம் வைப்பார்கள்? இடது கையால் லிவரை அடித்து, வலது கையில் குழாயைப் பிடிப்பதுதான் உலக வழக்கம். எனக்கு மனிதர்கள் மேல் வருவதைவிடச் சாமான்கள் மேல் சீக்கிரம் கோபம் வரும். எந்த அரைகுறை மெக்கானிக்கின் வேலையோ என்று திட்டிக்கொண்டே ஓங்கி அடித்ததில், முதல் டேங்க் தீர்வதற்குள் லிவர் ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

முதலில் போய் அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள் என் மனைவி. ஒடிந்ததைக் கொண்டுபோய் நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. சரிசெய்து கொடுத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே.

மறுநாள் காலையில் கீரமங்கலத்தில் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரோ கேட்டு வாங்கித்தான் வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள், அப்படியே வெல்டு வைத்துத் தரவா என்று கேட்டார். நான் பெரிய இன்ஜினியர் மாதிரி, அந்தக் கோணல் வேலையெல்லாம் வேண்டாம், புது லிவர் வாங்கி இடப்பக்கமே போடுங்கள் என்றேன். பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் டேங்க்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கா லிவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதுசாக இருக்கிறதே என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து மோட்டார் போடப் போனபோது, வேலிக்கு அந்தப்பக்கம் அக்கா மருந்தடித்துக்கொண்டிருந்தார். வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டி இடப்பக்க லிவரை அடித்தார். இடது கை, குழாயை விலாவோடு இடுக்கிப் பிடித்தபடி இருந்தது. அந்தக் கை மேலே எழும்பவில்லை. நாலு செடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் மொபெட்டிலிருந்து விழுந்து இடது தோளில் கட்டுப் போட்டிருந்தபோது, ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவன்தான் நான். கட்டைப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நினைக்க நினைக்க என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு போய், ஒடித்ததையும் கடையில் பேசியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா டேங்க்கை இறக்கி வைத்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"ஒடைஞ்சத ஒடைஞ்சமேனிக்கே குடுத்திருக்கலாம்ல தம்பி," என்றார். "பழையபடி ஒட்டவச்சிருப்பேன்."

இன்னும் பதினொரு வரிசை மிச்சம் இருந்தது. டேங்க்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்க லிவர் எனக்கு வாகாகத்தான் இருந்தது.