வேப்பிலையை மறைத்த தெரு

ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூரில் தொண்டாமுத்தூர் பஸ் ஏறினேன். பத்து மைல். இறங்கி, மலையைப் பார்த்து இரண்டு மைல் நடந்தால் என் தங்கை மரகதத்தின் ஊர். அங்கே பெரியம்மை என்று கேள்வி. அவள் குழந்தைக்கு ஏழு மாதம். இன்னும் அம்மை குத்தவில்லை. இருவரையும் பீளமேட்டில் நான் குடியிருக்கும் மில் லைன் வீட்டுக்கு அழைத்துவர எண்ணம்.

"அந்த ஊருக்குங்களா? திரும்பி வாறப்ப வேற பஸ்ஸுல ஏறிக்குங்க" என்றார் கண்டக்டர். பக்கத்திலிருந்தவர் சிரித்தபடியே நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு ஊரை அடைந்தேன். தென்னந்தோப்பைத் தாண்டி ஒரே தெரு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவதும், அதைக் கண்டால் வெளியார் நுழையாததும் எங்கள் பக்கத்து வழக்கம். இங்கே ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை.

"அவுத்துப்போட்டாங்கண்ணா" என்றாள் மரகதம். "வேப்பிலையைப் பாத்தா சுகாதாரத்துக்காரங்க அம்மை கண்டவங்களை வண்டியில ஏத்தி, ஊருக்கு வெளிய கொட்டாயில போட்டர்றாங்களாம். அம்மா வந்திருக்கற உடம்பை அப்படிப் பண்ணலாமுங்களா?"

எந்த வீடு என்று அவளுக்கும் தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுக்கும்தான் போய்வந்திருக்கிறாள். உடனே கிளம்பச் சொன்னேன்.

அதற்குள் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். தெரு காலியானது. என் கையில் குழந்தையைப் பார்த்ததும் நிறுத்தி, எங்கே போகிறோம் என்று கேட்டார். பீளமேட்டு மில் லைனுக்கு என்றேன். "கொழந்தைக்கு ஒட்டியிருந்தா உங்க லைனுக்கும் கொண்டுபோயிருவீங்க. எந்த ஊடுன்னு தெரிஞ்சா, சுத்தி இருக்கறவங்களுக்குக் குத்தி இங்கயே நிறுத்திப்போடலாமுங்க. ஆரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

மரகதம் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "வண்டியில ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க, வேப்பிலை கட்டச் சொல்றேன். அதைத் தாண்டி ஒருத்தரும் உள்ள போகமாட்டாங்க. உங்க கொட்டாயை விட அது கெட்டிங்க."

அவர் யோசித்தார். "சரிங்க அம்மணி. ஆனா மத்தவங்க அத்தனை பேரும் கையை நீட்டோணும்."

அவள் நடுத்தெருவில் நின்று அதை உரக்கச் சொன்னாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மரகதம் தினமும் பால் வாங்கும் வீடு. அந்த அம்மாள் எங்களைப் பார்க்காமல் வாசலில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிவிட்டு உள்ளே போனாள். தெருக்கோடியில் இன்னும் இரண்டு வாசல்களிலும் வேப்பிலை ஏறியது.

மதியத்துக்குள் நான் உள்பட மற்ற எல்லோரும் குத்திக்கொண்டார்கள். "கொழந்தைகூட இத்தனை கத்தலீங்க" என்று என்னைக் கேலி செய்தார் அவர்.

லீவுக்கு எழுதிவிட்டுத் தங்கினேன். அந்த மூன்று வாசல்களிலும் ஊரார் இளநீரும் மோரும் வைத்துவிட்டு விலகிப் போனார்கள். அம்மை அதற்கு மேல் பரவவில்லை; நாலாவது வாசலில் வேப்பிலை ஏறவே இல்லை. மரகதத்தின் குழந்தைக்குக் கையில் குத்திய இடத்தில் மட்டும் பொக்கு கட்டி உதிர்ந்தது. மூன்று வீடுகளிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு தனியாகப் பஸ் ஏறினேன்.

பீளமேட்டில் எங்கள் லைனிலும் அம்மையை மறைக்கிறவர்கள் உண்டு. நானாக யார் வீட்டுக் கதவையும் தட்டியவன் இல்லை. அன்று சாயங்காலம், மறைக்காமல் வேப்பிலை கட்டுங்கள், மற்றவர்கள் குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல, லைனின் முதல் வீட்டிலிருந்து தட்டத் தொடங்கினேன்.