குளியலறைக்கு வந்த மரத்தவளை

வால்பாறையிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்து, கொண்டாப்பூரில் தனியாகக் குடியிருந்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் குளியலறைச் சுவரில் தவிட்டு நிறத் தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த செடித்தொட்டியில் ஒளிந்து வந்திருக்கும் என்று நம்பினேன். ஆபீசில் ஆங்கிலம், கடையில் இந்தி. நேரில் தமிழ் பேச எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

"உன் இனத்தையெல்லாம் விட்டுட்டு வந்துட்டியே" என்று தினமும் அதனிடம் வருத்தப்படுவேன்.

லீவில் ஊருக்கே கொண்டுபோய் விட்டுவிட நினைத்து, யோசனை கேட்டுத் தவளை ஆர்வலர் குழு ஒன்றில் படம் போட்டேன். அந்தக் குழுவில் இருந்த, இந்த ஊர் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் சுபாஷிணி மறுநாள் மாலை நேரிலேயே வந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் நக்கோங்க" என்றார், வேண்டாம் என்பதை ஹைதராபாத் வழக்கில். "தொடைக்குப் பின்னாடி மஞ்சள் புள்ளி இருக்கு பாருங்க. இது சாதாரண மரத்தவளை, நாடு பூரா சமவெளில இருக்கும். உங்க மலைல இருக்கற பச்சைத் தவளை வேற இனம். அது இங்க பிழைக்காது. இது இங்கயே பிறந்தது."

இருவரும் அதைக் கீழே தண்ணீர்த் தொட்டி ஓரம் விட்டோம். சற்று நேரத்தில் அது குரல் கொடுத்தது. மதிலுக்கு அப்பாலிருந்து நாலைந்து குரல்கள் பதில் சொல்லின.

சுபாஷிணி போன பிறகும் நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாளும் என்னை நினைத்துத்தான் வருத்தப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"நல்லா இருக்கியா?" என்றாள் வழக்கம்போல.

"இங்க தனியா இருக்கறது கஷ்டமா இருக்கும்மா" என்று முதன்முறையாகச் சொன்னேன்.