முருகன் பதில் சொல்லும்வரை

காலை ஏழே முக்காலுக்குத் தென்காசி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மதுரையிலிருந்து ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர். வழிநெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, எழுதி எடுத்துவந்த பேச்சைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு நாற்பத்தோரு வயது. ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் சொன்னபோது முப்பத்தொன்பது. அதுவரை எனக்குத் 'திமிர் பிடித்தவள்' என்றுதான் பெயர். இதைப் பற்றிப் புனைபெயரில் இணையத்தில் எழுதப்போக, ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில் பேச அழைத்துவிட்டார்கள். மேடையேறுவது இதுவே முதல் முறை.

கூட்டம் பதினொரு மணிக்கு, தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில். அதற்குள் அருவியைப் பார்த்துவிடலாமென்று குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

"தண்ணி விழுதா அண்ணாச்சி?"

"நல்லா விழுது. ஆளுதான் தண்ணியவிட ஜாஸ்தி விழுதாங்க."

மிக்சி ஓடினால் வீட்டைவிட்டு வெளியேறுகிறவள் நான். ஆனால் பேரருவியின் இரைச்சலுக்கடியில் தலையைக் கொடுத்ததும் எனக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சத்தம் ஒரே சீராக இருப்பதாலா, தண்ணீரின் கனம் தோளை அழுத்துவதாலா? நின்று யோசித்தும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் ஒரு விசில் சத்தத்துக்குத் துள்ளிவிட்டேன்.

விசிலடித்தது செல்வி. அங்கே காவல் பணியில் இருக்கும் தலைமைக் காவலர். என்னைக் கூட்டத்துக்கு அழைத்தவரும் அவர்தான். அருவிக்கு வருவதாக அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

"மன்னிச்சுக்கிடுங்கக்கா. என் தம்பியும் இப்பிடித்தான் துள்ளுவான்."

பணி முடிந்ததும் சுக்குக்காபி வாங்கித் தந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி முருகனுக்கு முப்பத்திரண்டு வயசு. சுந்தரபாண்டியபுரத்துல மோட்டார் ரிப்பேர் பாக்குதான். போன வருஷந்தான் ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாரு. கடையத்துல பொண்ணு பேசியிருக்கோம். அங்கன யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு அவனும் வருவான். அங்க அவனப் பத்தி வாயத் தொறந்துராதீங்கக்கா."

"மறைக்கிறதுல அவருக்குச் சம்மதமா?"

"அவன்கிட்ட யாரு கேட்டா? அவன் நல்லதுக்குத்தான செய்யுதோம்."

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. அதை அணைக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசினேன். முடித்ததும் ஒரு தகப்பனார் எழுந்து, "கல்யாணம் பேசுத வீட்ல இதச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

செல்வி என்னையே பார்த்தார். நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. "யாருக்குக் கல்யாணமோ அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். எங்களில் பலருக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும்" என்றேன்.

கூட்டம் கலைந்தது. செல்வி கடைசி வரிசைக்குப் போனார். ஜன்னலைப் பார்த்தபடி முருகன் உட்கார்ந்திருந்தார்.

"நீ என்னலே சொல்லுத?"

செல்வியின் உதடு இரண்டு முறை அசைந்தது. இரண்டு முறையும் அடக்கிக்கொண்டார். நாற்காலிகளை அடுக்கி முடித்துவிட்டார்கள். அப்புறந்தான் முருகன் பேசினார்.

"சொல்லிருவோம். இல்லன்னா வீட்டுக்குள்ளயும் நடிக்கணும். என்னால முடியாதுக்கா."

"வேண்டாம்னுட்டாங்கன்னா?"

"வேண்டாம்னு போகட்டும். நானே சொல்லுதேன்."

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு என்னைப் பேருந்து ஏற்றிவிட வந்தபோது, "ஞாயித்துக்கிழம கடையம் போறோம். எனக்குப் பயமாத்தான் இருக்கு. அவன் நிம்மதியா சாப்ட்டுட்டு இருக்கான்" என்றார்.

வண்டி புளியங்குடியைக் கடந்தபோது என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. கட்டட வரைபடம் போடும் வேலை, எட்டு வருடம். அங்கே ஒருவருக்கும் என்னைப் பற்றித் தெரியாது. ஊரெல்லாம் பேசக் கிளம்பியவள், உறவினர் கல்யாணம் என்று பொய் சொல்லித்தான் விடுப்பு வாங்கியிருந்தேன். ராஜபாளையத்தில் வண்டி நின்றபோது மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்: 'சார், இன்று நான் போனது கல்யாணத்துக்கு இல்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.'

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் பதில் வரவில்லை. காத்திருந்தேன். மதுரை நெருங்கும்போது வந்தது: 'சொல்லுங்கம்மா. கேக்குறேன்.'