ஊக்கு அக்கா எந்த ஸ்டாப்பில் இறங்கினாள்

பேருந்துகள் நின்றுபோனதும் ஊரே அடங்கிவிட்டது. கண்டக்டரின் கால்கள் மட்டும் அடங்க மறுத்தன. வருடக்கணக்காக ஓடும் வண்டிக்குள் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்து பழகிய கால்கள். ஊரடங்கு என்று சொல்லி இரண்டு அறைக்குள் பூட்டினால் கேட்குமா? சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. நடுவில் துணி காயப்போடும் கம்பி வந்தால் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"இந்த வீட்டுல எந்த ஸ்டாப்புலதான் எறங்கப் போறீங்க? பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

அவன் மனம் ஊக்கு அக்காவிடம் போயிருந்தது.

ஊக்கு அக்காவுக்குக் கண் தெரியாது. ஊக்கு அட்டைகளைத் தோளில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சீப்புக் கட்டோடு, தினமும் காலையில் மில் வாசலில் ஏறுவாள். பகல் முழுக்க வண்டியிலேயே விற்றுவிட்டு, சாயங்காலம் அதே மில் வாசலில் இறங்குவாள். அவன் டிக்கெட் கேட்டதில்லை, அவள் நன்றி சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "உன் விசிலு எனக்குத் தனியாத் தெரியும் தம்பி. மத்தவன் ஊதுவான், நீ அதட்டுவ" என்றாள். வண்டியே சிரித்தது.

மற்ற பயணிகளைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. ஆபீஸ்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சம்பளம் வரும். ஆனால் வண்டி ஓடினால்தானே ஊக்கு அக்காவின் அடுப்பு எரியும்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மில் வாசலுக்குச் சைக்கிளில் போனான். அங்கிருந்த தெருக்களில் விசாரித்தான். ஜன்னலைப் பாதி திறந்து, "கண்ணு தெரியாதவங்களா? இங்க யாரும் இல்லப்பா" என்றார்கள். முனையில் நின்ற போலீஸ்காரர் லத்தியைத் தரையில் தட்டி விரட்டினார். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். "அந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு?" என்று மனைவி கேட்டாள். என்ன உறவு என்று சொல்வது? தினமும் பார்த்த முகம், அவ்வளவுதான். அதை இப்போது காணவில்லை.

சும்மா இருக்கவே முடியாமல்தான் சாப்பாட்டு வண்டியில் சேர்ந்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் சமைத்துப் பொட்டலம் கட்டினார்கள். காய்கறி வியாபாரி ஒருவர் வேன் கொடுத்தார். ஓட்டியது அவனுடைய பேருந்து டிரைவரேதான். சந்தைக்குப் பின்னால், கூலி வேலைக்காரர்கள் குடியிருந்த ஒற்றை அறை வரிசைகள் இவர்கள் பங்கு. கதவைத் தட்டக் கூடாது, பேசக் கூடாது, பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். தொற்று அப்படிப் பயமுறுத்தியிருந்தது.

பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால், ஆளில்லாத வாசல்களில் வைத்த பொட்டலங்களை நாய்கள் தின்றன. அதற்கு வழி கண்டுபிடித்தவன் கண்டக்டர்தான். படியில் நின்றபடியே வண்டியில் எத்தனை தலை என்று ஒரே பார்வையில் சொல்கிறவனாயிற்றே!

"விளக்கு வைக்கற நேரத்துல போவோம்ணே. வெளிச்சம் தெரியற வீட்டுல வைப்போம். இருட்டா இருந்தா ஆளு இல்ல, போய்க்கிட்டே இருப்போம்."

வேலை பாதி நேரத்தில் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். கண்டக்டருக்குத் தலை கொஞ்சம் கனத்தது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் மத்தியானம், வழக்கம்போல மில் வாசலில் தேடப் போனபோது, மில் காவலாளி அவனைக் கூப்பிட்டார்.

"தினம் வந்து யாரைத் தேடறீங்க? ஊக்கு விக்கற அம்மாவையா? அவங்க வீடு இங்க இல்லையே. இங்க எறங்கி, எதிர்ப்பக்கம் போய் வேற பஸ் ஏறுவாங்க. நான்தான் கையப் புடிச்சு ரோட்டைத் தாண்டி விடுவேன்."

"எந்த பஸ்ஸு?"

"அதெல்லாம் யாரு பாத்தா? வர்ற பஸ்ஸு."

கண்டக்டர் எதிர்ப்பக்க ஸ்டாப்பைப் பார்த்தான். இறங்குகிற இடம்தான் வீடு என்று எவன் சொன்னான்? அவன்தான் சொல்லிக்கொண்டான். தன் படியை விட்டு இறங்கியதும் அவள் பயணம் முடிந்துவிடும் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். இனி எங்கே என்று தேடுவது?

அன்று சாயங்காலமும் வேனில் போனான். வெளிச்சம் கண்ட வாசல்களில் பொட்டலத்தை வைத்தான், நடந்தான். கடைசிச் சந்து வந்தது. ஒரு வரிசையில் நான்கு அறைகள், நான்கும் இருட்டு. வழக்கமாகத் தாண்டிப் போகிற வரிசைதான். வேனில் ஏறிக்கொண்டு, வேறெங்கோ நினைப்பாக, சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து இரண்டு ஊதினான். இத்தனை நாள் வேனைக் கையால் தட்டித்தான் டிரைவரைக் கிளம்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று பழைய பழக்கம் முந்திக்கொண்டது. வேன் நகர்ந்தது.

பின்னால் ஒரு கதவில் படபடவென்று தட்டால் அடிக்கும் சத்தம்.

"கண்டக்டர் தம்பி! நிறுத்து! ஆளு ஏறணும்!"

அவன் ஒரு விசில் ஊதினான். டிரைவர் ஏன் எதற்கென்று கேட்காமல் பிரேக்கை மிதித்தார்.

கடைசி இருட்டறையின் வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு ஊக்கு அக்கா நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. கையில் காலித் தட்டு.

"அக்கா! இங்கயா இருக்கீங்க?"

"பின்ன எங்க இருப்பேன்?"

"தினமும் இந்த வழியாத்தானேக்கா வர்றேன்!"

"வண்டிச் சத்தம் கேக்கும். காலடிச் சத்தம் கேக்கும். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டீங்க. போலீசாக்கும்னு மூச்சுக் காட்டாம உக்காந்திருப்பேன். வெளிய வந்தா புடிச்சுட்டுப் போவோம்னு மைக்குல கத்தறானே."

"சாப்பாடு குடுக்க வர்றோம்க்கா."

"சாப்பாடா? யாருக்கு?"

டிரைவர் அதற்குள் பொட்டலமும் தண்ணீரும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள்.

"பக்கத்து ரூமுக்காரங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. இருந்த அரிசி தீந்துபோச்சு. நேத்துலேர்ந்து வெறும் தண்ணிதான்" என்றாள், முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவில்.

"வெளக்கு எரியலக்கா" என்றான் கண்டக்டர். "வெளக்கு எரியாத வீட்டுல ஆளு இல்லன்னு..."

"எனக்கு எதுக்குத் தம்பி வெளக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை அவள். ஊக்கு அட்டையின் விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டே, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். கால் நிற்கவே இல்லை.

பிறகு டிரைவரிடம் வந்தான்.

"வண்டியைத் திருப்புங்கண்ணே. மொதத் தெருவுக்கு."

"பொட்டலம் நாலஞ்சுதாண்டா இருக்கு."

"இருக்கறதக் குடுப்போம். மொதல்ல யாரு இருக்காங்கன்னு தெரியணும்."

வேன் பின்னால் மெதுவாக வர, அவன் முன்னால் நடந்தான். வெளிச்சம் தெரிந்த வீடுகளை விட்டுவிட்டான். முதல் இருட்டு வாசலில் நின்று ஒரு விசில் ஊதி, ஸ்டாப் பேர் சொல்கிற அதே தொண்டையில் கத்தினான்: "சாப்பாட்டு வண்டி! சாப்பாட்டு வண்டி வந்திருக்கு! உள்ள ஆளு இருக்கா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நகர்ந்தான்.

இரண்டாவது இருட்டு வாசலில் நின்று ஊதினான். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.