சீட்டில் உள்ளபடி செய்

வீடு வீடாகப் போய் டியூஷன் எடுப்பவனுக்கு இரண்டு பரீட்சை: பிள்ளை எழுதுவது ஒன்று, பிள்ளையின் அப்பா அடுத்த அறையிலிருந்து காது கொடுத்துக் கேட்பது இன்னொன்று. அந்தக் காதுக்குப் பயந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கீழே வருவதில் கடைசிச் சம்பவத்தை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோப்பு நுரை

எங்கள் குடும்பத்தில் முதலில் பி.ஏ. முடித்தவன் நான். வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோது, மலையாளம் பேசும் ஊரான கரமனையில் டியூஷன் கிடைத்தது. கடையில் கணக்கு எழுதும் ஆறுமுகம் அண்ணாச்சி ஜூன் மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குத் திரும்புகிறார். மகள் உமாவுக்கு எட்டு வயது. மலையாளம் மடமடவென்று வாசிப்பாள். வீட்டில் பேசுகிற தமிழை வாசிக்கத் தெரியாது. புதுப் பள்ளியில் வாசிக்க வைத்துப் பார்ப்பார்களாம். வாசித்தால் நாலாம் வகுப்பு. இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சின்னக் குழந்தைகளோடு.

தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்கு வயிறு வலித்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தரையில் புளியங்கொட்டையை அடுக்கி எழுத்துகளைப் பிடித்தோம். பிறகு பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டுகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. சத்தம் போடக் கூடாது. மனசுக்குள் வாசித்து, உள்ளபடி செய்ய வேண்டும்.

முதல் சீட்டு, ‘கதவைத் தட்டு.’ உமா உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். எழுந்து ஓடினாள். வீட்டில் சாத்தியிருந்தது குளியலறைக் கதவு ஒன்றுதான். தட்டிய தட்டில் அண்ணாச்சி தலையில் நுரையும் இடுப்பில் துண்டுமாக வெளியே வந்துவிட்டார். வாசித்துவிட்டாளே! எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டேன்.

“சாரே, ஜூன்ல பரீட்சை அவளுக்கா, எனக்கா?”

அம்மாவுக்கு ஒரு சீட்டு

உமா தானே சீட்டு எழுதத் தொடங்கிய நாளன்று, திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் சந்தோஷத்தில் என்னால் உட்கார முடியவில்லை. அதன்பின் வீட்டில் யாரும் தப்பவில்லை. அண்ணாச்சி ஒற்றைக் காலில் நின்று வாழைப்பழம் தின்றார்.

ஒருநாள் அடுப்படியில் நின்ற அம்மாவிடம் ஒரு சீட்டை நீட்டினாள். ‘அம்மா உட்காரவும்’ என்று எழுதியிருந்தது. அவர் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், சிரித்தார். நின்றுகொண்டே இருந்தார். “அம்மா தோத்துட்டா!” என்று உமா குதித்தாள். அவர் இந்த ஊரிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்:

“எனக்கு இது வாசிக்க அறியாது சார். நாளையிலேர்ந்து எனக்கும் சேர்த்து எழுதிட்டு வாங்க.”

தலைமையாசிரியர் அறை

ஜூனில் நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மீதிச் சாமான் எடுக்க வந்த அண்ணாச்சிதான் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியர் நாலாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டி, “வாசி” என்றாராம். உமா வாயே திறக்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரையே பார்த்தவள், சட்டென்று வெளியே ஓடிவிட்டாள். “பிள்ளை பயந்துட்டு. ஒண்ணாம் வகுப்புலயே போட்டுருவோம்” என்று அவர் பேனாவைத் திறந்தார்.

உமா திரும்பி வந்தாள். காலில் புதுச் செருப்பைக் காணோம். அண்ணாச்சி அப்போதுதான் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்திருக்கிறார்: ‘செருப்பை வெளியே விடவும்.’ “நான் காலை உள்ள இழுத்துக்கிட்டேன் சாரே” என்றார். உமா குனிந்து மேசைக்கு அடியில் தலைமையாசிரியரின் கால்களைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒரு பக்கம் முழுக்க உரக்க வாசித்தாள். தலைமையாசிரியர் நாலாம் வகுப்பு என்று எழுதும்போது சுவர் அட்டையைக் காட்டி அவரிடம் கேட்டாளாம்:

“சார், நீங்க இன்னும் அதை வாசிக்கலியா?”

அண்ணாச்சி கொஞ்சம் கூட்டிச் சொல்பவர் என்பதால், பிறகு ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது அந்தப் பள்ளியை எட்டிப் பார்த்தேன். உமா நாலாம் வகுப்பில்தான் இருந்தாள். ஒரு பிள்ளைக்கு என்று ஒத்துக்கொண்ட டியூஷனில் கடைசியில் அவள் அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் தமிழ் வாசித்துவிட்டார்கள். மூன்றாமவரின் பெரிய செருப்பு தலைமையாசிரியர் அறை வாசலுக்கு வெளியே கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.