திண்டுக்கல்லைத் தாண்டாத லாரி

போன வருடம் ஆடிக் காற்று பலமாக வீசிய சமயம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. புகை விடாத வண்டியில் சரக்கு வந்தால் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குப் பிடிக்கும் என்று முதலாளி டிரெய்லர் இழுக்கும் எலெக்ட்ரிக் லாரி ஒன்றை வாங்கினார். விற்றவர், "ஒரே சார்ஜில் மதுரை போயிரும் சார். அங்க சார்ஜ் போட்டுட்டா அடுத்து தூத்துக்குடிதான்" என்றார்.

டிரைவர் மடத்துக்குளத்துக்காரர். பல வருடமாகத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுபவர். முதல் லோடுக்கு முந்தின நாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, லோடோட ஒருக்கா தாராபுரம் வரைக்கும் போயிட்டு வந்து பாத்துக்கலாங்களா? காத்து வேற அடிக்குது, சார்ஜ் எத்தன இழுக்குமோ."

கப்பலுக்கு நேரமாகிறது என்ற எரிச்சலில், வண்டி கம்பெனி கொடுத்த புத்தகத்தை அவர் முன்னால் போட்டேன். "இதுல போட்டிருக்கறத விட உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் வண்டிக்குச் சார்ஜ் போடப் போய்விட்டார்.

பையருக்கு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பதால் மறுநாள் நானும் கூடவே போனேன். தாராபுரம் தாண்டும்போதே சார்ஜ் பாதிக்குக் கிட்டே இறங்கிவிட்டது. அவர் ஏசியை அணைத்தார், வேகத்தைக் குறைத்தார். திண்டுக்கல் பக்கம் ஊர்ந்துதான் போனோம். ஓட்டல் ஒன்றில் சார்ஜிங் ஸ்டேஷன் இருந்தது. கார்களுக்காகக் கட்டியது; டிரெய்லரோடு உள்ளே நுழையவே முடியாது. உச்சி வெயிலில் டிரெய்லரைச் சாலையோரம் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, முன்பகுதியை மட்டும் உள்ளே கொண்டுபோனார். வரிசையில் நின்ற கார்க்காரர்கள் அவரைத்தான் திட்டினார்கள். சார்ஜ் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று தெரிந்ததும் டிரெய்லரை இழுத்துப்போக டீசல் லாரி ஒன்றை வரவழைத்தோம். அது தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் நேரம் முடிந்து துறைமுக கேட் மூடிவிட்டது. கப்பல் கிடைக்கவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் விற்றவரும் உட்கார்ந்திருந்தார். "டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிச்சு ஓட்டியிருப்பார் சார்" என்றார் சாதாரணமாக.

"அப்ப அவர நிறுத்தீருங்க" என்றார் முதலாளி என்னைப் பார்த்து.

உண்மையைச் சொன்னால், பழி என் மேல் விழவில்லை என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே அந்த நிம்மதி மேலேயே ஆத்திரம் வந்தது.

"அதே லோட ஏத்தித் தர்றனுங்க. நீங்க ஓட்டிட்டு மதுரைக்குப் போய்க் காட்டுங்க" என்றேன் விற்றவரிடம்.

மூன்று தடவை வற்புறுத்திய பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். "அது டிரெய்லர் இல்லாம ஓட்டிப் பாத்த கணக்குங்க சார்."

"அத எங்க சொன்னீங்க?"

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் வரைக்கும் போகவே இல்லை.

டிரைவர் முன்கூட்டியே கேட்டதையும் நான் மறுத்ததையும் முதலாளியிடம் சொன்னேன். டிரைவரின் வேலை தப்பியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க, ஊருக்குள்ள ஓட்டறதுக்கு நல்ல வண்டிதானுங்க" என்றார். இப்போது சாயப்பட்டறைக்கும் எங்கள் கம்பெனிக்கும் இடையே அதை அவர்தான் ஓட்டுகிறார்.

பொடி எழுத்தில் இருந்த உண்மையைச் சொல்லாமல் விற்றவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் தொழில் தெரிந்த மனிதரின் வாயை அடைத்த என் மேல்தான் அதைவிட அதிகம், அது தணியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.