பூஜையில் வைத்த புரதம்

அந்த மனிதப் புரதம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. மூளையை அரித்துக் கொல்லும் பிரியான் என்கிற புரதத்துக்கு அது பங்காளி முறை. சாயல் உண்டு, நோய் தராது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி வெளிநாட்டில் ஒரு கம்பெனி தயாரித்தது. இதை விமான நிலையத்து அதிகாரி ஒருவருக்குப் போனில் மூன்று முறை விளக்கினேன். மூன்றாம் முறையும் அவர், எந்த மனிதருடையது, அவர் இறந்துவிட்டாரா என்றே கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

பூதலூரில் எங்கள் தெருவில் அப்போது பாதி வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தார்கள். எனக்கும் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்தப் புரதத்தை வைத்துச் செய்யும் சோதனையின் முடிவை மாதக் கடைசிக்குள் அனுப்பினால்தான் அந்த இடம். வந்ததைக் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே வைத்தால் ஒரு பொழுது தாங்காது.

சரஸ்வதி பூஜையன்று பாசஞ்சர் வழக்கம்போலத் தாமதம். தஞ்சாவூரில் இறங்கி ஆய்வகத்துக்கு ஓடினேன். நான் நுழைந்தபோது கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் நோட்டுகளின் அடுக்கு. அடுக்கின் உச்சியில், பொட்டு வைத்து, சாமந்திப்பூ சூட்டி, என் பெட்டி.

இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் உதவியாளர் மலர்ந்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"உங்களுது நல்லபடியா முடியணும்னுதாம்மா தனியா எடுத்து வச்சேன். இப்பத்தான் எடுத்தேன்."

இப்போதுதான் என்றால் இன்னும் குளிர் போயிருக்காது. உடனே உள்ளே வைத்தால் பிழைத்துவிடும். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக் கூடாது. சின்ன வயதில் அந்த ஒரு நாள் படிப்பிலிருந்து தப்பிக்க, இருக்கிற புத்தகம் எல்லாவற்றையும் சாமியிடம் கொண்டுபோய் வைத்தவள் நான். இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். கையை நீட்டி எடுத்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார். நானோ கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொடுத்த பொரிகடலையையும் தின்றேன். என்ன ஜென்மமோ!

மறுநாள் குழாய்களில் இருந்தது வெறும் கலங்கல் தண்ணீர். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று அவர் விசாரிக்கும்போதெல்லாம் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அது அவர் மேல் வந்த எரிச்சல் இல்லை.

மின்வெட்டில் புரதம் கெட்டுவிட்டது என்று ஜெர்மனிக்கு எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. உங்கள் ஊரில் இதெல்லாம் சகஜம் என்று தெரியும், உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, ஆனால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்கத் தஞ்சாவூரில் மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.